திறந்து பார்ப்பதும் தெரிந்துகொள்வதும்

சர்வீஸ் முடிந்து திரும்பிய பழைய ஃபிலிம் கேமரா ஒன்று, முன்பு இல்லாத ஓர் ஓசையை எழுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் மெல்லிய கீச்சொலி வரலாம்; படம் பதிவாகி முடிந்த பிறகும் உள்ளே ஏதோ அதிர்ந்து அடங்குவது போன்ற ரீங்காரமாகவும் இருக்கலாம். கேமரா மூடியிருக்கிறது. ஓசை வெளியே கேட்கிறது, அதை எழுப்புவது உள்ளே இருக்கிறது. உள்ளே இருப்பதை அறிய மூன்று வழிகள் உண்டு: திறந்து பார்ப்பது, தெரிந்தவரைக் கேட்பது, மூடிய கேமராவை வைத்துக்கொண்டே ஓசையிலிருந்து யோசிப்பது. நம் தத்துவ நூல்கள் இம்மூன்றையும் காண்டல், உரை, கருதல் என்ற அளவைகளாக வகுத்துள்ளன. அறிவின் கருவிகளை முதலில் சோதிக்காமல் அறியப்படும் பொருளைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால்தான் 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையை விளக்கும் சுபக்கப் பகுதியை அளவையிலிருந்தே தொடங்கினார். இம்மூன்றில் காண்டலே மூத்தது, மற்ற இரண்டும் அதை அண்டி வாழ்பவை என்பது பொதுவான நம்பிக்கை. உலோகாயதர் ஒரு படி மேலே போய், காண்டலைத் தவிர வேறு அளவையே இல்லை என்றனர். பழைய கேமராவின் ஓசை இந்த வரிசையை ஏற்க மறுக்கிறது. மறைந்திருக்கும் காரணத்தை அறிவதில் காண்டல் கருதலுக்கு மேலே அமர்ந்த நீதிபதி அல்ல. கருதலின் வலிமை, நிலைமைகளை மாற்றி மாற்றிச் சோதிக்க முடிவதிலிருந்து வருகிறது. அந்தச் சோதனை இல்லாவிட்டால், கண்ணால் கண்டதும் காரணத்தைச் சொல்லாது. இதை நிறுவுவதும், அதற்கு எழக்கூடிய மறுப்புகளுக்கு விடை சொல்வதும், கடைசியில் இது சமய வாதங்களை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த ஓசை எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பட்டனை அழுத்துவது நமக்கு ஒரே செயல், எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு அது ஐந்தாறு செயல்களின் தொடர். லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் குறித்த அளவுக்குச் சுருங்குகின்றன. வியூஃபைண்டருக்கு ஒளியை அனுப்பிக்கொண்டிருந்த கண்ணாடி மேலே எழும்பித் தன் தடுப்பில் போய் நிற்கிறது. ஷட்டரின் முதல் திரை ஓடி வழிவிடுகிறது; இரண்டாம் திரை பின்னாலேயே ஓடி வழியை அடைக்கிறது. ஓடி முடியும் இடத்தில் திரையைப் பிடித்து நிறுத்த ஒரு பிரேக் இருக்கிறது. பிறகு கண்ணாடி இறங்குகிறது, இதழ்கள் விரிகின்றன. 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் இந்தத் திரைகள் துணியால் ஆனவை, பக்கவாட்டில் ஓடுபவை. 1/1000 நொடியில் எடுக்கும்போது ஃபிலிம் முழுதும் ஒரே சமயத்தில் ஒளியைப் பார்ப்பதே இல்லை; இரண்டு திரைகளுக்கும் இடையிலான சில மில்லிமீட்டர் இடுக்கு மட்டும் 36 மில்லிமீட்டர் அகலத்தைக் கடந்து போகிறது. 1 நொடி, 1/2 நொடி போன்ற மெதுவான வேகங்களில் இரண்டாம் திரையைக் காக்க வைப்பதற்கென்று, கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற பல்சக்கரத் தொடர் ஒன்று தனியே இயங்குகிறது. அது ஓடும்போது எழும் ‘ஸ்ர்ர்’ என்ற ஒலி முற்றிலும் இயல்பானது. அது வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். இவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நம் காதில் ஒரே ‘கிளிக்’ ஆக விழுகின்றன. ஓசையைக் கேட்டோம் என்று நாம் சொல்வது, பல காரணங்கள் கலந்த ஒரு காரியத்தைக் கேட்டோம் என்பதைத்தான்.

கலவையில் ஒன்றைப் பிரித்தெடுப்பதில் மனிதர்கள் எவ்வளவு எளிதாகத் தவறுகிறார்கள் என்பதற்கு 1976இல் வந்த கேனான் ஏஇ-1 நல்ல சான்று. இந்த மாடலிலும் இதன் உறவு மாடல்களிலும் வயதானபின் ஒரு கீச்சொலி வருவது பழைய கேமரா வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. அதை ‘ஷட்டர் கீச்சு’ என்றே பலர் அழைக்கிறார்கள். ஆனால் ஷட்டர் திரைகளுக்கும் அந்த ஒலிக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடியின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றிப்போவதுதான் காரணம். நீண்ட ஊசி முனையால் சரியான இடத்தில் ஒரு துளி எண்ணெய் வைத்தால் ஒலி அடங்கிவிடுகிறது. ஷட்டர் ஏன் பழி சுமந்தது? பட்டனை அழுத்தும்போதெல்லாம் ஒலி வந்தது, பட்டனை அழுத்தினால் ஷட்டர் இயங்கும் என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிட்டது. அதே அழுத்தத்தில் கண்ணாடியும் இயங்கியது என்பது கவனத்திலிருந்து நழுவிவிட்டது. ஆயிரம் முறை கேட்டாலும் இந்தத் தவறு திருந்தாது, ஏனென்றால் ஆயிரம் முறையும் ஷட்டரும் கண்ணாடியும் சேர்ந்தேதான் இயங்கும். திரும்பத் திரும்ப நிகழ்வது ஒரு தொடர்பை உறுதிப்படுத்தும் என்ற எண்ணம் இங்கே தோற்றுப்போகிறது. பிரித்துக் காட்டாத அனுபவம் எத்தனை மடங்கு பெருகினாலும் சான்று பெருகாது.

ஓசையிலிருந்து பொருளை அறிவது நம் தர்க்க மரபுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி கருதலைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாகப் பிரிக்கிறான். காட்டில் எழும் முழக்கத்தைக் கேட்டு அங்கே யானை இருக்கிறது என்று உணர்வது பொதுவுக்கும், ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று உணர்வது எச்சத்துக்கும் எடுத்துக்காட்டு. கௌதமரின் நியாய சூத்திரம் இந்த வகைக் கருதலுக்கு எதிரான மறுப்பையும் நேர்மையாகப் பதிந்து வைத்திருக்கிறது. ஆறு பெருகியதற்கு மழைதான் காரணமா? கீழே எங்காவது நீர் தடைபட்டாலும் பெருகுமே. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் மழை வருமா? புற்று இடிந்தாலும் ஓடுமே. மயில் அகவும் குரல் கேட்டதால் மயில் இருக்கிறதா? மனிதன் ஒருவன் அப்படிக் குரல் கொடுக்கலாமே. ஆகவே கருதல் அளவையே அல்ல என்பது மறுப்பு. நூலின் விடை சுருக்கமானது: நீங்கள் காட்டும் அடையாளமும் நாங்கள் சொல்லும் அடையாளமும் ஒன்றல்ல. மழையால் பெருகிய ஆறு வேகம் கூடி, நுரைத்து, சருகையும் கட்டையையும் அடித்துக்கொண்டு வரும் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். தடைபட்டுத் தேங்கிய நீருக்கு அந்தக் குணங்கள் இல்லை. தவறு கருதலில் இல்லை, அடையாளத்தை மேம்போக்காக எடுத்துக்கொண்டவரிடம் இருக்கிறது. ‘கேமராவில் சத்தம் வருகிறது’ என்பது வெறுமனே ‘ஆறு பெருகிவிட்டது’ என்பதற்குச் சமம். எந்தச் சத்தம், எந்த வேகத்தில், எந்த நொடியில், எது இயங்கும்போது என்று கேட்ட பிறகே அது அடையாளமாகிறது. ஸ்பாட்மேட்டிக்கில் 1 நொடியில் வரும் ‘ஸ்ர்ர்’ ஆரோக்கியத்தின் குரல். ஏஇ-1 மின்னணுவால் நேரத்தை அளக்கும் கேமரா. மெதுவான வேகத்துக்கென்று அதில் பல்சக்கரத் தொடர் இல்லை. அங்கே அதே ‘ஸ்ர்ர்’ கேட்டால் பொருள் வேறு.

இங்கே கேமரா, ஆறு தராத ஒரு வசதியைத் தருகிறது. மழையை நாம் நிறுத்திப் பார்க்க முடியாது. கேமராவின் டயலைத் திருப்ப முடியும். 1/1000இல் ஒரு முறை, 1/60இல் ஒரு முறை, 1 நொடியில் ஒரு முறை பட்டனை அழுத்தினால், மெதுவான வேகங்களில் மட்டும் வரும் ஒலி தாமதப் பல்சக்கரத் தொடரைக் காட்டும். எல்லா வேகத்திலும் வரும் ஒலி அந்தத் தொடரை விடுவிக்கும். டயலை ‘பி’ நிலையில் வைத்துப் பட்டனை அழுத்தியபடி பிடித்திருந்தால், ஒரே கிளிக்காகக் கலந்திருந்த நிகழ்வு இரண்டாகப் பிரிகிறது: அழுத்தும்போது கண்ணாடி எழுவதும் முதல் திரை ஓடுவதும், விடும்போது இரண்டாம் திரை ஓடுவதும் கண்ணாடி இறங்குவதும். லென்ஸைக் கழற்றிவிட்டு அழுத்தினால் இதழ்களும் அவற்றின் நெம்புகோலும் கணக்கிலிருந்து நீங்குகின்றன. 1959இன் நிக்கான் எஃப் போன்ற கேமராக்களில் கண்ணாடியை மேலேயே பூட்டிவிட்டு ஷட்டரை மட்டும் இயக்கலாம். லீவரைத் தள்ளும்போது வரும் உரசலை ஃபிலிம் போட்டும் போடாமலும் கேட்டால், அது ஃபிலிமை இழுக்கும் பாகங்களிலா, ஷட்டரை முறுக்கும் பாகங்களிலா என்பது பிரியும். ஒன்று இருந்தால் மற்றது இருப்பதும், அது இல்லாதபோது இது இல்லாதிருப்பதும் சேர்ந்தே தொடர்பை நிறுவும் என்று நம் தர்க்கிகர் அன்வயம், வியதிரேகம் என்ற பெயர்களில் சொன்னதும், 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் தர்க்க நூலில் ஒப்புமை முறை, வேற்றுமை முறை என்று வகுத்ததும் இதையே. டயலைத் திருப்பும் விரல் கண்ணைப் போல வெறுமனே பெற்றுக்கொள்வதில்லை, உலகைக் கேள்வி கேட்கிறது. ஒரு திருகாணியும் கழலவில்லை. ஆனால் ஐந்து சந்தேகங்களில் நான்கு கழன்றுவிட்டன.

சர்வீஸ் முடிந்த கேமரா என்பது இந்தச் சிக்கலின் கடினமான வடிவம். முன்பு இல்லாத ஒலி சர்வீஸுக்குப் பின் வந்தால், சர்வீஸ் செய்தவர் எதையோ கெடுத்துவிட்டார் என்ற முடிவு உடனே தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அது இருக்கலாம் என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. சர்வீஸ் உண்மையிலேயே காரணமாக இருந்து, ஆனால் எதுவும் கெடாமலும் இருக்கலாம். 1970களின் ஜப்பானியக் கேமராக்களில் கண்ணாடி மோதும் இடத்தில் மெத்தென்ற ஃபோம் பட்டை ஒட்டியிருக்கும். பல ஆண்டுகளில் அது பிசினாக இளகிவிடும். கண்ணாடி அதில் ஒட்டி மந்தமாக ஒலிக்கும். புதுப் பட்டை ஒட்டிய பிறகு கண்ணாடி விடுபட்டுத் தெளிவாக மோதும், ஓசை கூர்மையாகும். கெட்டிப்பட்ட பழைய கிரீஸைக் கழுவி எடுத்தால், அது அமுக்கி வைத்திருந்த பல்சக்கரங்களின் ஒலி வெளியே வரும். இங்கே முந்தைய அமைதிதான் நோய், இன்றைய ஓசை குணம். மறுபக்கமும் உண்டு. வேகத்தைச் சரிசெய்யத் திரையின் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் முறுக்கினால், திரை கடைசியில் பலமாக மோதும்; பிரேக் அதைத் தாங்காவிட்டால் திரை துள்ளித் திரும்பும், படத்தின் ஓரத்தில் கூடுதல் ஒளி பட்ட பட்டை ஒன்று விழும். இரண்டு நிலையிலும் கேட்பது ‘முன்பைவிடக் கடுமையான சத்தம்’ மட்டுமே. நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்பது பொதுவிதி ஆகாது, ஈர விறகு என்ற மறைந்த நிபந்தனை சேர்ந்தால்தான் புகை வரும் என்று நையாயிகர் காட்டி, அந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயரிட்டனர். சர்வீஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இப்படிப் பல உபாதிகள் அடங்கியிருக்கின்றன. ஒரே நாளில் ஃபோமும் கிரீஸும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் மாறியபோது, ‘முன்’, ‘பின்’ என்ற ஒப்பீடு எதையும் தனியே குறிக்காது. மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் காரணம் வெளிப்படும். படத்தின் ஓரத்துப் பட்டை போன்ற வேறு வகைச் சாட்சியும் அதற்கு வேண்டும்.

இனி மறுப்புகள். முதலாவது எல்லோர் நாவிலும் இருப்பது: இத்தனை சுற்றிவளைப்பு எதற்கு, கீழ்த்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே? இதில் ஓர் உண்மை இருக்கிறது. கடைசியில் எண்ணெய் விடுவதற்குத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் திறந்தவுடன் காரணம் கண்ணில் படும் என்பது மாயை. மூடிய கேமராவின் தகடுகளும் ஓசையின் ஒரு பகுதி. அவை அதிர்வைப் பெருக்கவும் அமுக்கவும் செய்கின்றன. தகட்டை எடுத்ததும் ஓசையே மாறிவிடலாம், தளர்ந்த ஒரு திருகாணியால் வந்த ஒலி தளர்த்தும்போதே காணாமல் போகலாம். சரி, ஒலி மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன தெரியும்? எண்ணெய் வற்றிய பல்சக்கரம் ஒன்று தெரியும், தூசு படிந்த நெம்புகோல் தெரியும், சற்றே தேய்ந்த பல் தெரியும். இதே வற்றிய சக்கரம் எந்தச் சத்தமும் போடாத நூறு கேமராக்களிலும் இருக்கக்கூடும். கண் காட்டுவது ஒரு நிலையை. அந்த நிலைதான் இந்த ஓசையைப் பெற்றது என்பதைக் கண் காட்டுவதில்லை. அதைச் சொல்வதற்கு அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெய் வைத்து, மற்றவற்றைத் தொடாமல், மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். ஒலி நின்றால் காரணம் அகப்பட்டது. ஆனால் அந்த நொடியில் நடந்தது காண்டல் அல்ல; டயலைத் திருப்பியபோது நடந்த அதே வேற்றுமை முறை. அதாவது திறப்பு, மாற்றிப் பார்ப்பதற்கு மேலும் ஓர் இடத்தைத் திறந்துவிட்டது, அவ்வளவே.

மருத்துவ வரலாறு இதைத் துலக்கமாகக் காட்டும். 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லேனெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. 1819இல் மார்பின் ஒலிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அவருக்கு முன்பே இறந்த உடல்களைத் திறந்து நோயின் தடங்களைப் பார்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. இத்தாலியின் மோர்கான்யி அதைப் பற்றிய தம் நூலை 1761இலேயே வெளியிட்டுவிட்டார். பார்வைக்குக் குறைவில்லை. ஆனால் உயிருள்ளவரின் மார்பில் கேட்கும் ஒரு குறிப்பிட்ட ஒலி நுரையீரலின் எந்த நிலையைக் குறிக்கிறது என்பதை எந்தக் கண்ணும் ஒருபோதும் பார்த்ததில்லை, பார்க்கவும் வழியில்லை. ஒலி இருக்கும்போது மார்பு மூடியிருந்தது. மார்பு திறந்தபோது ஒலி நின்றுபோயிருந்தது. கேட்டதையும் கண்டதையும் இணைத்தது, பல நோயாளிகளிடம் இந்த ஒலி இருந்தபோது அந்தத் தடம் இருந்தது, ஒலி இல்லாதபோது தடமும் இல்லை என்று ஒப்பிட்ட கருதல்தான். திறப்பு அங்கே தவிர்க்க முடியாத சாட்சியாக இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. சாட்சி வேறு, தீர்ப்பு வேறு. காண்டல் கருதலுக்குப் பொருள் கொடுத்தது. பொருளை ஒன்றோடொன்று கோத்து ‘இதனால் இது’ என்று சொன்னது கருதல்.

இரண்டாவது மறுப்பு இதைவிட நுட்பமானது. நாற்பது ஆண்டு கேமரா திறந்து மூடிய மெக்கானிக், காதருகே ஒரு முறை கேட்டதும் ‘கண்ணாடி கியர்’ என்று சொல்லிவிடுகிறார். அவர் எதையும் கருதவில்லை, நேராகவே கேட்கிறார். ஆகவே இதுவும் காண்டலின் வகையே அல்லவா? நையாயிகர் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். சந்தனக் கட்டையைத் தூரத்தில் பார்ப்பவர், மூக்கு எட்டாத நிலையிலும் ‘மணமுள்ள சந்தனம்’ என்றே அதைக் காண்கிறார். முந்தைய அறிவு இப்போதைய காட்சியோடு கலந்துவிடுகிறது. மெக்கானிக்கின் காதும் அப்படிப் பழகியதுதான். ஆனால் பழக்கம் வேகத்தைத் தருகிறதே ஒழிய உரிமையைத் தருவதில்லை. அந்தக் காது சரியானதா என்று எப்படித் தெரிந்தது? முன்பு ‘கண்ணாடி கியர்’ என்று சொன்ன இடங்களில் எண்ணெய் விட்டபோது ஒலி நின்றதால்தான். பழக்கமில்லாத மாடல் ஒன்றைக் கொடுத்தால் அதே காது தடுமாறும், அவரும் டயலைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குவார். காதின் உறுதி, காலப்போக்கில் சுருங்கி உள்ளே போய்விட்ட கருதல். சந்தேகம் வந்தால் அது மறுபடி விரிந்தாக வேண்டும். அவருடைய சொல்லை நாம் ஏற்பதற்கும் இதுவே அளவுகோல். தான் நேராக அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புபவர்தான் ஆப்தர் என்கிறது நியாயம். ‘சர்வீஸ் ஆன கேமரா இப்படித்தான் கேட்கும்’ என்று ஒருவர் சொல்லும்போது, ‘எப்படிக் கேட்டால் நீங்கள் கவலைப்படுவீர்கள்?’ என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. அதற்கு விடை வைத்திருப்பவரின் உரை அளவை. இல்லாதவரின் உரை ஆறுதல் மட்டுமே.

மூன்றாவது மறுப்பு உலோகாயதருடையது, அதுவே ஆழமானது. எண்ணெய் விட்டதும் ஒலி நின்றது என்பது ஒரு முறை நடந்தது. எண்ணெய் வற்றினால் எப்போதும் எங்கும் ஒலி வரும் என்ற பொதுத் தொடர்பை யார் கண்டார்? கண்டவை சில, காணாதவை எண்ணற்றவை. நாளைக்குத் தெரியவரும் ஓர் உபாதி இன்றைய முடிவைக் கவிழ்க்கலாம். மணிமேகலையில் பூதவாதி ஏறத்தாழ இந்த நிலையிலிருந்தே பேசுகிறான். அவனுக்கு மணிமேகலை சிரித்துச் சொல்லும் விடை எளியது, கூரியது: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? தர்க்க நூல்களில் இதற்கு முறையான விடை தந்தவர் உதயணர். சந்தேகத்துக்கு எல்லை உண்டு. தன் செயலோடு முரண்படும் இடத்தில் சந்தேகம் நின்றுவிட வேண்டும் என்றார் அவர். புகை வேண்டுமென்றால் நெருப்பைத் தேடிப் போகிறவன், நெருப்புக்கும் புகைக்கும் தொடர்பில்லை என்று வாயால் மட்டுமே சந்தேகிக்கிறான். கீச்சொலியை நிறுத்த எண்ணெய்ப் புட்டியை எடுத்தவரும் அப்படியே. இந்த விடை எல்லாச் சந்தேகத்தையும் அழிப்பதில்லை என்று ஸ்ரீஹர்ஷர் பின்னர் உதயணரை எதிர்த்து வாதிட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. செயலில் முரண்பாடு இருப்பது, நம்புவதற்குக் காரணம் தருகிறதே தவிர, நம்பியது உண்மை என்று நிறுவுவதில்லை. ஆனால் இந்தக் குறை கருதலுக்கு மட்டும் உரியதல்ல. காண்டலும் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறது: நான் கண்டது வற்றிய எண்ணெய்தான், பழைய அரக்கின் நிறம் அல்ல என்பதையும் தொட்டு, துடைத்து, மீண்டும் பார்த்தே உறுதி செய்கிறேன். மறுக்க முடியாத அறிவு வேண்டும் என்றால் இரண்டும் போகும். திருத்திக்கொள்ளக்கூடிய அறிவு போதும் என்றால் இரண்டும் நிற்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவதற்குத்தான் காரணமே இல்லை.

கருதலுக்கு எல்லை எங்கே என்பதையும் கேமராவே சொல்கிறது. எப்போதாவது ஒரு முறை மட்டும் வந்து, எந்த வேகத்தில் எந்த நிலையில் அழுத்தினாலும் மறுபடி வராத ஒலிக்கு முன்னால் இந்த முறை முழுதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே மாற்றிப் பார்க்க எதுவும் இல்லை. அப்போது ‘தெரியவில்லை’ என்பதே சரியான முடிவு. காரணம் இல்லை என்று பொருளல்ல. காரணத்தைப் பிடிக்கும் கைப்பிடி நமக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். இந்த இடத்திலிருந்து பெரிய கேள்விக்குப் போகலாம். உதயணரின் நியாய குசுமாஞ்சலி, உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும், குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு ஈசன் உண்டு என்று கருதலால் நிறுவ முயல்கிறது. வடிவத்தில் இது ஓசையிலிருந்து பல்சக்கரத்துக்குப் போவது போன்றதே. ஆனால் குடத்தின் விஷயத்தில் குயவன் கை பட்ட மண்ணையும் படாத மண்ணையும் நாம் ஒப்பிட்டிருக்கிறோம். உலகத்துக்கு டயல் இல்லை. ஈசன் இருக்கும் உலகம், இல்லாத உலகம் என்று இரண்டை வைத்துக் கேட்டுப் பார்க்க வழியில்லை. மீண்டும் வராத ஒற்றை ஒலியின் நிலைதான் அது.

இது நாத்திகரின் வாதம் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியிலேயே இந்தக் கருதலைத் தாமே உடைக்கிறார். உலகம் காரியம் என்றே ஒப்புக்கொண்டாலும், அது முழுதும் ஒரே சமயத்தில், ஒரே கர்த்தாவால் ஆனது என்று எப்படித் தெரியும்? வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு காலங்களில் பலர் செய்திருக்கலாமே. பல மாற்றங்கள் ஒருங்கே நடந்த சர்வீஸில், விளைந்த ஓசையை ஒரே மாற்றத்துக்கு உரியதாக்க முடியாது என்று நாம் கண்டதும் இதே தடைதான். பிரம்மத்தை அறியச் சாத்திரமே வழி என்று சொல்வதற்காகவே அவர் கருதலின் பாதையை அடைக்கிறார். அவருடைய முடிவை ஏற்பவர் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் அவர் செய்த பிரிப்பு இருவருக்கும் பயன்படும். மாற்றிப் பார்க்கக்கூடிய இடத்தில் கருதலை நம்புவதற்குக் கண்ணின் அனுமதி தேவையில்லை. மூடிய கேமராவை வைத்துக்கொண்டே கண்ணாடி கியர் என்று சொல்லலாம், அது அறிவுதான். மாற்றிப் பார்க்க முடியாத இடத்தில் எத்தனை அழகான ஒப்புமை கிடைத்தாலும் அது அறிவாகாது. நம்பிக்கையாகலாம், உரையை ஏற்பதாகலாம், அவற்றுக்கு அவற்றின் மரியாதை உண்டு. மறைந்திருப்பதைப் பற்றிப் பேசுபவர் யாராக இருந்தாலும், கேமரா மெக்கானிக்கோ ஜோதிடரோ சமய ஆசிரியரோ, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘நீங்கள் பார்த்தீர்களா?’ என்பதல்ல. ‘எதை மாற்றினால் இது வேறாகும்?’ என்பதே. விடை இருந்தால் கருதல் தன் வேலையைச் செய்திருக்கிறது. விடை இல்லாவிட்டால், நாம் ஏற்பதைக் கருதல் என்ற பெயரில் ஏற்கக் கூடாது.